டர்பன்–ஜோகன்னஸ்பர்க் தடத்தில் பெண் உடை: சட்டைக்கு உள்ளேயா, கேபினிலா, அறையிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். அங்கிருந்து என்1-இல் கேப் டவுன் இன்னும் 1,400. இந்தத் தடங்களில் லாரி ஓட்டும் ஆண்களில், பெண் உடை உடுத்தினால் மனம் நிறைகிறவர்களும் உண்டு. டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெரியம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அண்ணி என்று கண்கள் அதிகம். சிலருக்குக் கதவைச் சாத்திக்கொள்ளக் கிடைக்கும் ஒரே இடம் லாரிக் கேபின்.

வழிகள் மூன்று: ஓட்டும்போதே யூனிஃபார்முக்கு உள்ளே அணிவது, இரவில் கேபின் திரையை இழுத்துவிட்டு உடுத்துவது, வழியில் அறை எடுப்பது. எது அழகாக வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: எல்லாவற்றையும் கலைத்துவிட்டு எத்தனை நிமிடத்தில் டிரைவராகத் திரும்பலாம், அதற்குப் பிறகு தூங்க எவ்வளவு நேரம் மிஞ்சும். உள்ளே அணிந்தால் கலைக்க ஒன்றுமில்லை. கேபினில் நைட்டியும் விக்கும் மட்டுமென்றால் 2 நிமிடம், கண்மையும் பொட்டும் சேர்ந்தால் 10. அறையில் முழு ஒப்பனை என்றால் போட ஒன்றரை மணி, எடுக்க 40 நிமிடம். 9 மணி நேர ஓய்வில் இரண்டு மணிக்கு மேல் அதிலேயே போய்விட்டால், மறுநாள் என்3-இன் வான் ரீனன் கணவாயில் முழுச் சுமையோடு இறங்கும்போது கண் செருகும்.

உள்ளே அணிவது

மூன்றில் இதுதான் எளிது. தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். பத்து மணி நேரம் ஒரே இருக்கையில் உட்காரும் உடம்புக்கு லேஸும் நைலானும் ஒத்துவராது. வியர்வை தங்கி, தொடை இடுக்கில் படர்தாமரை வரும். ஓட்டும்போது பருத்தி உள்ளாடை, இரவுக்கு லேஸ் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோல், ரசாயன டேங்கர் ஓட்டுபவர்கள் நைலானைத் தொடவே வேண்டாம். ஏற்றுமிடங்களில் நிலைமின்சாரம் உண்டாக்காத உடையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தீப்பிடித்தால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பிராவின் பின்பக்கக் கொக்கி, சீட்டில் சாய்ந்த ஒரு மணி நேரத்தில் முதுகெலும்பில் குத்த ஆரம்பிக்கும். முன்பக்கம் கொக்கி வைத்ததோ, கொக்கியே இல்லாத பிராலெட்டோ வாங்கலாம். வெள்ளைச் சட்டைக்கு அடியில் வெள்ளை பிரா பளிச்சென்று தெரியும். தோல் நிறத்தில் அணிந்தால் தெரியாது. மேலே ஒளிரும் பாதுகாப்பு மேலங்கி இருந்தால் வார்க்கோடும் மறைந்துவிடும். பெரிய அளவு சிலிகான் மார்பு ஜோடி ஒரு கிலோவைத் தாண்டும். சீட் பெல்ட் அதன் குறுக்கே அழுத்தும், கரூ பாலைவெளி வெயிலில் சூடேறினால் சீக்கிரம் ஆறாது, வியர்வையில் பசை விட்டு நழுவும். ஓட்டும் நேரத்துக்கு ஸ்பாஞ்ச் போதும்.

கார்செட்டுக்கு ஸ்டீயரிங் முன்னால் இடமே இல்லை. இடுப்பை இறுக்கினால் மூச்சு மேலோட்டமாகி உடம்பு சோரும், சாப்பிட்டது நெஞ்சுக்கு எதுக்களிக்கும். பேன்ட் முன்பக்கம் தட்டையாகத் தெரிய உறுப்பை மடக்கிக் கட்டுவதும் அப்படித்தான். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் வலிக்கும். அவிழ்க்கச் சோம்பல்பட்டுச் சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம். டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது.

ஸ்டாக்கிங்ஸ் விஷயத்தில் ஆசையும் ஆரோக்கியமும் ஒரே பக்கம் நிற்கின்றன. மருந்துக்கடையில் கிடைக்கும் 15–20 மி.மீ. பாதரச அழுத்தமுள்ள காலுறை, நீண்ட நேரம் உட்காருபவர்களின் கால் வீக்கத்தைக் குறைக்கும். தோல் நிறத்தில் மெல்லியதாகவே வருகிறது, யார் கேட்டாலும் சொல்ல மருத்துவக் காரணமும் இருக்கிறது. நீரிழிவால் கால் மரத்துப்போகிறவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஸ்டாக்கிங்ஸைப் பிடித்து நிறுத்தும் கார்ட்டர் கிளிப் தொடைக்கு அடியில் சீட்டோடு நசுங்கும். தொடையில் சிலிகான் பட்டையோடு தானே நிற்கும் வகை, வெயிலில் சொறியைக் கொடுக்கும். இங்கே குளிர்காலமான ஜூலையில், என்3-இல் உள்ள ஹாரிஸ்மித்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது மட்டும் 40 டெனியர் (இழைத் தடிமன் அளவு) டைட்ஸ் கதகதப்புக்கு உதவும்.

குதிகால் செருப்பு எஞ்சின் அணைந்த பிறகுதான். பெடலில் குதிகாலை ஊன்றித்தான் பிரேக்கின் அழுத்தத்தை அளக்கிறோம். உயர்ந்த குதியில் அந்த அளவு பிசகும். அதைப் போட்டுக்கொண்டு கேபின் படியில் இறங்கவும் கூடாது. அளவைப் பொறுத்தவரை, ஆண் ஷூவின் 8 இங்கே பெண் ஷூவிலும் ஏறத்தாழ 8 தான், அகலம் மட்டும் குறுகல். பெரும்பாலான பெண்கள் கடைகளில் 8-க்கு மேல் கிடைப்பது அரிது.

கேபினில் ஓர் இரவு

எங்கள் கணிப்பில், வாரம் முழுவதும் சாலையில் இருப்பவருக்கு மூன்றில் சிறந்தது இதுதான். இடத்தை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். காவலாளி உள்ள டிரக் ஸ்டாப்புக்குத்தான் போக வேண்டும்: என்3-இல் ஹாரிஸ்மித், வில்லியர்ஸ், என்1-இல் கோல்ஸ்பர்க், போஃபோர்ட் வெஸ்ட். சாலையோர ஒதுக்கிடம் வேண்டாம். 2021 ஜூலையில் என்3-இல் உள்ள மூய் ரிவரில் லாரிகள் கொளுத்தப்பட்டதை இந்தத் தடத்தில் யாரும் மறக்கவில்லை. ஓடவேண்டி வந்தால் எந்த உடையோடு இறங்குவோம் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். பேன்ட், சட்டை, தட்டையான ஷூ மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும். டர்பனில் துறைமுகத்துக்கு லாரிகள் காத்திருக்கும் பேஹெட் சாலை வரிசை இதற்கு இடமே இல்லை. வண்டி எப்போது நகரும் என்று தெரியாது, பக்கத்து டிரைவர் நினைத்த நேரத்தில் வந்து கதவைத் தட்டுவார்.

திரையை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. உள்விளக்கைப் போட்டுவிட்டு, யூனிஃபார்மிலேயே கீழே இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முன்கண்ணாடித் திரை இரண்டும் சேரும் நடுவிலும் கதவுத் தூணோரத்திலும் விரல் அகலத்துக்கு இடைவெளி தெரியும். மேல்விளக்கு எரிந்தால் நிழலுருவம் அப்படியே திரையில் விழும். துணி கிளிப் நாலு வாங்கி இடைவெளிகளை இறுக்கிவிட்டு, மேல்விளக்கை அணைத்துவிட்டு, படுக்கைக்குக் கீழ்மட்டத்தில் சிறு விளக்கு வைத்தால் நிழல் விழாது. டிரைவரை நோக்கிய கேமரா இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டாதீர்கள். சில அமைப்புகள் அதையே எச்சரிக்கையாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். எஞ்சின் அணைந்த பிறகும் சில கேமராக்கள் கொஞ்ச நேரம் பதிவு செய்யும். இருக்கைக்கும் படுக்கைக்கும் நடுவிலுள்ள இரண்டாவது திரைக்குப் பின்னால் உடுத்துவதே பாதுகாப்பு.

உடையில் நைட்டி, பஞ்சாபி (சல்வார் கமீஸ்), சேலை மூன்றையும் வைத்துப் பார்த்தால், கேபினுக்கு முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டியே முதலிடம். காவலாளி டார்ச்சோடு வந்து பார்க்கிங் சீட்டு கேட்டால், மேலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பேசிவிடலாம். பஞ்சாபி அடுத்தது. மார்பளவைப் பார்க்காமல் தோளளவைப் பார்த்து வாங்குங்கள். ஆண் தோளில் முதலில் பிரிவது தோள் தையல்தான். சேலைக்கு ஐந்தரை மீட்டர் துணியைச் சுற்றக் கை வீச இடமும், கொசுவம் மடிக்க நிமிர்ந்து நிற்கத் தரையும் வேண்டும். நடுவில் எஞ்சின் மேடு உள்ள கேபினில் அது நடக்காது. சமதளத் தரையும் உயரக் கூரையும் உள்ள கேபின் என்றால் கொக்கி வைத்துத் தைத்த ரெடிமேட் சேலை மூன்று நிமிட வேலை. ஜார்ஜெட் எளிதில் கசங்காது, சிறிதாக மடியும். பட்டு வேண்டாம்: தரைவிரிப்பில் எங்காவது ஒரு துளி டீசல் இருக்கும், அது போகவே போகாது. டர்பன் கிரே ஸ்ட்ரீட்டிலும் ஜோகன்னஸ்பர்க் ஃபோர்ட்ஸ்பர்க்கின் ஓரியன்டல் பிளாசாவிலும் இவை எல்லாம் கிடைக்கும். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

லாரி மின்சாரம் 24 வோல்ட். காருக்கு வாங்கிய 12 வோல்ட் விளக்கையோ இன்வெர்ட்டரையோ அதில் செருகினால் கருகும். 12 என்று தனியாகக் குறித்த சாக்கெட் இருந்தால்தான் அதில் போடலாம். 300 வாட் இன்வெர்ட்டரில் 30–60 வாட் எடுக்கும் சிறு ஹேர் ஸ்ட்ரெயிட்னர் ஓடும். ஹேர் டிரையரும் இஸ்திரிப் பெட்டியும் ஆயிரம் வாட்டுக்கு மேல் கேட்கும், ஓடாது. பேட்டரி இறங்கி விடியற்காலையில் எஞ்சின் பிடிக்காவிட்டால் உதவிக்கு வருபவர் கேபினுக்குள்தான் ஏறுவார். விக்கை இரவு ஹீட்டர் காற்று வரும் துளைக்கு எதிரில் தொங்கவிடாதீர்கள். செயற்கை இழை சுருண்டு கருகல் நுனியாகிவிடும். நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, வழுவழுப்பான துணியில் சுருட்டி வையுங்கள்.

முகத்துக்குக் கண்மை, பொட்டு, லிப்ஸ்டிக் போதும் என்பவர்களுக்குக் கலைப்பது எளிது. தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் 20 விநாடி அழுத்திப் பிடித்துத் துடைத்து, ஃபேஸ் வாஷ் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். இமை ரோம வேரில் கறுப்பு தங்கும். வாசலின் தொட்ட காதுக்குச்சியால் அதை எடுக்க வேண்டும். மறுநாள் டிப்போவில் மற்றவர் கண்ணில் படுவது இதுதான். அடுத்தது ஸ்டிக்கர் பொட்டின் பசை வட்டம்: தோலில் தெரியாது, தூசி ஒட்டியதும் கருவளையமாகத் தெரியும். அதுவும் எண்ணெய்க்குத்தான் போகும். நகப்பூச்சு கால்விரலுக்கு மட்டும் என்றால் சேஃப்டி ஷூ மறைத்துவிடும். கைக்கு ஒட்டும் நகங்கள் நல்லது. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வைத்தால் கழன்று வரும். அசிட்டோனைக் கேபினில் திறக்கவே கூடாது. மூடிய இடத்தில் தலை சுற்றும், பக்கத்தில் கேஸ் அடுப்பு இருந்தால் பற்றிக்கொள்ளும். சென்ட் அடிப்பதும் வேண்டாம். வண்டியை வேறொருவரும் ஓட்டுவதானால் வாசனை தங்கும். மேலும் டிப்போ வாசலில் மதுச் சோதனைக் கருவியில் ஊதுவதற்குச் சற்று முன் அடித்த சென்ட்டும் மவுத்வாஷும் பொய்யாக அளவு காட்டக்கூடும்.

அறை எடுப்பது

நீளமான கண்ணாடி, குளியல், தாளிட்ட கதவு என்று எல்லாமே இங்கேதான் நிறைவாக அமையும். தாடி நிழலை மறைக்கும் முழு ஒப்பனைக்கும் இதுவே இடம். சவரம் செய்து 20 நிமிடம் தோல் ஆற விட்டு, நிழலுள்ள இடத்தில் மட்டும் ஆரஞ்சு அல்லது செங்கல் நிறக் கரெக்டரை ஒற்றி, மெல்லப் பவுடர் போட்டு, அதன் மேல் ஃபவுண்டேஷன். நம் மாநிறத்துக்கு வெளிர் பீச் நிறக் கரெக்டர் போதாது. தாடை சாம்பல் பூத்துத் தெரியும். தலையணைக்கு மேல் சொந்தக் கறுப்புத் துண்டை விரித்துவிடுங்கள்.

இதில் இடறுவது லாரிதான். விருந்தினர் விடுதிகளில் 22 மீட்டர் வண்டிக்கு இடம் இருக்காது. காவல் உள்ள இடத்தில் விட்டுவிட்டு நடந்து போக வேண்டும். பல நிறுவனங்கள் சரக்கோடு வண்டியை விட்டுப் போவதை அனுமதிப்பதில்லை. ஆகவே சரக்கு இறக்கிய வார இறுதிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் டர்பனில் அல்லாமல் மறு முனையில். தென்னாப்பிரிக்கச் சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை. 1969-இன் மாறுவேடத் தடைச் சட்டத்தை நிறவெறிக் காலப் போலீஸ் இப்படி உடுத்தியவர்கள்மீது பயன்படுத்தியது. இன்று 1996 அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும் 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமும் பாலினம், பாலியல் நாட்டம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன. வேலை நேரத்து யூனிஃபார்ம், பாதுகாப்பு உடை விதிகள் மட்டும் எல்லோருக்கும் போல உங்களுக்கும் உண்டு. கேப் டவுனில் பேச ஆள் வேண்டுமென்றால் ஜெண்டர் டைனமிக்ஸ் அமைப்பு 2005 முதல் இருக்கிறது.

பை, எல்லை

எந்த வழியானாலும் பை ஒன்றுதான்: ஜிப்புக்குச் சிறு பூட்டு, உள்ளே காற்றெடுத்த பிளாஸ்டிக் உறை, அடையாள அட்டையோ புகைப்படமோ எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து திறக்கும் பக்கப் பெட்டியில் வைத்தால் செம்மண் புகும். வண்டி பட்டறைக்குப் போகும் நாளில் பை உங்கள் கையில் இருக்க வேண்டும். மெக்கானிக் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பார்.

பெயிட்பிரிட்ஜ் தாண்டி ஜிம்பாப்வே போகும் சுமைக்கு மூன்று வழியும் ஒத்துவராது. எல்லையில் கேபினைத் திறந்து சோதிப்பார்கள், வரிசை சில சமயம் நாள்கணக்கில் நிற்கும். 2014-இல் புலவாயோவில் பெண்கள் கழிப்பறையைப் பயன்படுத்திய ஒரு திருநங்கையைப் போலீஸ் பிடித்து அடைத்தது. உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கியது, ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தது 2019-இல். அந்தப் பயணத்துக்குப் பருத்தி உள்ளாடையும் மருந்துக்கடைக் காலுறையும் போதும். பையை ஜோகன்னஸ்பர்க்கிலேயே நம்பிக்கையான இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.