ஏர் சப்போர்ட் நம்மையும் அடிக்கும்: 'பியாண்ட் ஓவர்லார்ட்' பல வருட அனுபவம்

இரண்டாம் உலகப் போரை வைத்து, 'காம்பாட் மிஷன்' என்ற கம்ப்யூட்டர் போர் கேம் வரிசையில் 2000-இல் வந்த முதல் கேம் 'பியாண்ட் ஓவர்லார்ட்'. கிராஃபிக்ஸ் பழசாகிவிட்டது, ஆனாலும் பல வருடங்களாக இதைத்தான் ஆடுகிறேன். ஒரு டர்ன் என்பது 60 விநாடி. உத்தரவுகளை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், நிமிடம் ஓடத் தொடங்கிவிட்டால் கை வைக்க முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஏர் சப்போர்ட்டாக, அதாவது தரைப்படைக்கு உதவியாக வந்து குண்டு போடும் ஃபைட்டர் பாம்பர் விமானம். எப்போது வரும், எதைக் குறிவைக்கும் என்று நாம் சொல்ல முடியாது. வேலி ஓரம் பதுங்கியிருக்கும் ஜெர்மன் பாந்தர் டேங்கை விட்டுவிட்டு, திறந்த சாலையில் வரிசையாகப் போகும் நம் ஷெர்மன் டேங்குகளின் மேல் குண்டு போடும். 'டர்ன் முடிய இன்னும் இருபது விநாடி இருக்கிறதே' என்று பதறிக்கொண்டே பார்த்திருக்க வேண்டியதுதான்.

இதை 'பக்', அதாவது புரோகிராமில் உள்ள கோளாறு என்று திட்டுபவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1944 ஜூலை 25 அன்று, பிரான்ஸின் நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்து நடந்த ஆபரேஷன் கோப்ராவில், அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள் சொந்தப் படைமேலேயே விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். லெப்டினன்ட் ஜெனரல் லெஸ்லி மெக்நேரும் அதில் பலியானார். எல்லைக்கோடாக வைத்திருந்த சாலையைப் புகையும் தூசியும் மறைத்துவிட்டன. விமானங்களும் முன்னணிக் கோட்டுக்கு இணையாக வராமல், சொந்தப் படைகளின் தலைக்கு மேலாகப் பறந்து வந்தன. இவ்வளவும் நடந்த போரைப் பற்றிய கேமில், கிளிக் செய்த இடத்தில் மட்டும் குண்டு விழுந்தால் அதுதான் பொய்.

இதனால் என் ஆட்டமே மாறிவிட்டது. வானில் விமானம் இருக்கும்வரை டேங்குகளை எதிரியோடு நெருங்க விடுவதில்லை. சாலையில் கூட்டமாக நிறுத்துவதும் இல்லை.

குறை ஒன்று உண்டு, இந்த கேமில் மட்டுமல்ல, இந்த வகை கேம்கள் பலவற்றிலும். தவறான தாக்குதலை வெறும் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். 'இங்கே இருப்பது நாங்கள்தான்' என்று கலர் புகை போட்டுக் காட்டவாவது வழி வேண்டும். அந்தப் புகையும் சில சமயம் ஏமாற்ற வேண்டும். 1944 ஆகஸ்ட் 14 அன்று, அதே நார்மண்டியில் நடந்த ஆபரேஷன் டிராக்டபிள் தாக்குதலில், கனடியப் படையினர் அடையாளத்துக்காக மஞ்சள் புகை போட்டார்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களுக்கோ இலக்கைக் காட்டும் நிறமே மஞ்சள்தான். இதை அப்படியே விதியாக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் விமானமே வராத சினாரியோக்களை ஆடுங்கள். காலாட்படையும் டேங்கும் கைக்கு வந்தபின் ஏர் சப்போர்ட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.