டர்பன் ஏர்லி மார்னிங் மார்க்கெட்: கையில் இருக்கிற காசுக்குக் காய்கறி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காய்கறி எங்கே வாங்கலாம் என்று யார் கேட்டாலும் வார்விக் பக்கம் இருக்கிற ஏர்லி மார்னிங் மார்க்கெட்டைத்தான் சொல்வேன். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே தண்டுக்கீரை கண்ணில் படுவதே அபூர்வம். பீன்ஸ் வேண்டுமென்றால் முழுப் பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், இந்த மண்ணின் சூலு இனத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அந்தச் சமையலுக்குச் சாமான் வாங்குகிறவள் நான்.

இந்த மார்க்கெட் 1910இல் திறந்தது. இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்கள் பலர், ஒப்பந்தம் முடிந்தபின் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். விளைந்ததை விடியுமுன் டவுனுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். தாத்தா வைத்திருந்த மேசையைப் பேரன் நடத்துகிற குடும்பங்கள் இங்கே இன்னும் உண்டு. அடுத்த மேசையில் சூலுக்காரப் பெண்கள். 2009இல், இந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முந்தின வருஷம், இதை எடுத்துவிட்டு மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. வியாபாரிகள் தெருவிலும் கோர்ட்டிலும் நின்று போராடினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அவர்களுக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

சாமானைப் பற்றிச் சொல்கிறேன். கீரைதான் இங்கே முதல் தரம். பச்சைத் தண்டுக்கீரை, சிவப்புத் தண்டுக்கீரை, பூசணி இலை எல்லாம் ஈரம் காயாமல் கட்டுக்கட்டாக இருக்கும். சுரைக்காய், புடலங்காய், முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், சீசனில் மதும்பிக் கிழங்கு, அதாவது நம் சேப்பங்கிழங்கு. உயிர்க்கோழியும் விற்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது விற்கிற அளவு. தக்காளியோ வெங்காயமோ உருளைக்கிழங்கோ, கிண்ணத்தில் குவித்து வைத்திருப்பார்கள். பத்து ராண்டுக்கு (ராண்டு இந்த நாட்டுக் காசு) ஒரு கிண்ணம், இருபதுக்குப் பெரிய கிண்ணம். வேலை முடிந்து டாக்ஸிக்கும் (இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து போகிற வேன்) ரயிலுக்கும் போகிற வழியிலேயே மார்க்கெட் இருப்பதால், அன்றைய கூலியில் அன்றைய கறிக்கு வாங்கிக்கொண்டு போகலாம். தனியாகப் பஸ் காசு செலவழிக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இதைவிட வசதி வேறென்ன?

இதை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் மக்காச்சோளம் விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. அப்படியிருந்தும் 2016இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 27 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் பட்டினி என்று சொல்லத் தோன்றாது. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் நிறைத்தது வெறும் மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு. மாதக் கடைசியில் கோழிக்கும் காய்க்கும் காசில்லாத வீட்டில் மூன்று வேளையும் அதுதான். 2003இலிருந்து மீலி மாவில் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, ஃபோலிக் அமிலம் எல்லாம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் மாவு ஒன்றே முழுச் சாப்பாடாகிவிடாதே. உலகம் முழுக்கச் சுமார் 260 கோடி பேருக்குச் சத்தான சாப்பாடு விலைக்கு எட்டவில்லை என்று ஐ.நா. அமைப்புகள் கணக்குச் சொல்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு இந்தப் பத்து ராண்டு கிண்ணம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் மண்டபத்தில் மீலி மாவை நாங்கள் ஒதுக்குவதில்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவதே அதில்தானே. கூடவே சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பயறில் கறி வைக்கிறோம். மக்காச்சோளத்தில் லைசின் என்கிற புரதக் கூறு குறைவு, பீன்ஸில் அது நிறைய. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குகிறோம், வைட்டமின் ஏ உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கினால் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கிழங்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்து இந்த நாட்டிலேயே ஆய்வு செய்தார்கள். பிள்ளைகள் உடம்பில் வைட்டமின் ஏ கூடியது என்று 2005இல் முடிவு வெளிவந்தது. எங்கள் பிள்ளைகள் அதை இனிப்பு மாதிரி தின்கிறார்கள்.

ஒரு கடையில் மட்டும் மேலே நல்ல தக்காளியும் அடியில் அழுகலும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் கிண்ணத்தைப் பையில் கொட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வார்விக்கில் தினமும் லட்சக்கணக்கான ஜனம் நடமாடுகிறது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட டாக்ஸியில் போவது மேல்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சில்லறையாக எடுத்துப் போங்கள், பெரிய நோட்டு நீட்டினால் பக்கத்து மேசைக்கெல்லாம் ஓட வேண்டியிருக்கும். மூட்டை கனமாக இருந்தால் தள்ளுவண்டித் தம்பிகளைக் கூப்பிடுங்கள், டாக்ஸி வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள், அவர்கள் வீட்டுக்கும் கீரை வாங்க வேண்டும்.