பியர் பிளாக்கா, பிளெக்சஸ் பிளாக்கா: மருந்து ரத்தத்துக்கு எப்போது வருகிறது?

60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கட்டு எலும்பு முறிந்து வந்திருக்கிறார், கையை மரக்க வைக்க வேண்டும். கைச் சிரைக்குள் மருந்தை ஏற்றும் பியர் பிளாக் என்றால் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து 0.5 சதவீதக் கரைசலில் 36 மில்லி, அதாவது 180 மில்லிகிராம். அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ, கைக்குப் போகும் நரம்புக் கொத்தைச் சுற்றிப் போடும் பிளெக்சஸ் பிளாக் என்றால் அதே மருந்து அட்ரினலின் கலந்த 1.5 சதவீதம் 25 மில்லி, 375 மில்லிகிராம். இரண்டு மடங்குக்கும் மேல். இருந்தும் எனக்குப் படபடப்பு முதலாவதில்தான்.

ஏனென்றால் நம் பேச்சில் இரண்டுமே 'நரம்பு ஊசி'தான், ஆனால் பியர் பிளாக்கில் மருந்து போவது நேராக ரத்தக்குழாய்க்குள். அதற்கும் இதயத்துக்கும் நடுவே மேல்கையில் இறுக்கிய கஃப் என்ற காற்றுப் பட்டை ஒன்றுதான் காவல். அது கசிந்தாலோ, 5 நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டதே என்று யாராவது அவிழ்த்துவிட்டாலோ அத்தனையும் ஒரே பாய்ச்சலாகப் போய்விடும். 20 நிமிடமாவது விட்டுவைத்தால் கணிசமான மருந்து கைத்தசையிலேயே ஒட்டிக்கொள்ளும். அவிழ்க்கும்போது ஒரு பகுதி மட்டும் உடனே வரும், மிச்சம் மெதுவாக. ரத்தத்தில் மருந்து மிஞ்சியதைக் காட்டும் காது இரைச்சல், நாக்கு மதமதப்பு வருமானால் அந்த முதல் சில நிமிடங்களில்தான்.

பிளெக்சஸ் பிளாக்கில் அவசரமே இல்லை, வம்பும் அங்கேதான். ஊசி தவறி ரத்தக்குழாயில் இறங்கினால் உடனே தெரிந்துவிடும், சரி. ஆனால் சரியாகப் போட்ட மருந்தின் ரத்த அளவு உச்சம் தொடுவது ஏறக்குறைய அரை மணி கழித்து, நாம் 'பிளாக் நல்லா வேலை செய்யுது' என்று தெம்பாக இருக்கும் நேரத்தில். அட்ரினலின் அந்த உச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும். அல்ட்ராசவுண்ட் வந்தபின் 40 மில்லி கொட்டிய இடத்தில் 20 போதுமென்றாகிவிட்டது, அது பெரிய நிம்மதி.

மருந்தை மாற்றினால் கணக்கே வேறு. லிக்னோகெய்ன் ரத்தத்தில் மில்லிக்கு 5 மைக்ரோகிராம் தாண்டும்போது காட்டும் தொந்தரவை, இன்னொரு மரப்பு மருந்தான பூபிவகெய்ன் 2 மைக்ரோகிராம் வாக்கிலேயே காட்டும், கூடவே இதயத்தையும் பிடிக்கும். பியர் பிளாக்கில் அதைத் தொடவே கூடாது; பிரிட்டனில் அப்படிப் போட்டுச் சாவுகள் நடந்திருக்கின்றன. பிளெக்சஸுக்கு அதே வகை மருந்தான ரோபிவகெய்ன் கொஞ்சம் சாது.

எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போடுவதோடு முடியுமென்றால் என் ஓட்டு பியர் பிளாக்குக்கு, பிளேட் வைக்கப் போகிறார்கள் என்றால் பிளெக்சஸுக்கு; பியர் பிளாக்கில் கஃப் அவிழ்ந்த சற்று நேரத்திலேயே வலி திரும்பிவிடுமே. எதுவானாலும், மரப்பு மருந்து நஞ்சாகிவிட்டால் ஏற்றும் 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) பாட்டில் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். இவருக்கு முதல் டோஸ் 90 மில்லி.