386 வெள்ளிக்கு வந்த முறுக்கு ரம்பம்: வாங்கும் முன் படியுங்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் காரமாகத்தான் எழுதுவேன். கோலாலம்பூரில் கடை வைத்துக்கொண்டு இணையச் சந்தையிலும் மரவேலைச் சாமான் விற்கும் ஒரு வியாபாரி, என்னிடம் 386 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு பழைய இரும்புக்குப் போட வேண்டியதை அனுப்பியிருக்கிறான். கடைப் பெயரைக் கேட்காதீர்கள். மனு போட்டிருக்கிறேன், அது முடியட்டும்.

நான் பட்டர்வொர்த்தில் சாமி மேடை செய்து கொடுப்பவன். இழுப்பறைகளுக்கு இன்றும் கையால்தான் டவ்டெயில் போடுகிறேன். ஒரு பலகையில் புறா வால் போல விரிந்த பற்கள், அடுத்த பலகையில் அவை உட்காரும் இடைவெளி. கவ்விவிட்டால் இழுத்தாலும் வராது. பக்கங்களை அறுப்பது சீக்கிரம் முடியும். நடுவில் நிற்கும் கழிவு மரத்தை உளியால் தட்டித் தட்டி எடுப்பதில்தான் பாதி நாள் போகும். வளைவு அறுக்கும் கோப்பிங் ரம்பத்தால் எடுக்கலாமே என்பீர்கள். டவ்டெயில் ரம்பம் போட்ட மெல்லிய வெட்டுக்குள் அந்தத் தடித்த பிளேடு பெரும்பாலும் இறங்காது.

அதற்குத்தான் முறுக்கிய பிளேடு போட்ட சட்ட ரம்பம், அதாவது கயிறை முறுக்கிப் பிளேடை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டம். பிளேடின் ஒரு பகுதி நேராக நிற்கும், இடையில் 90 பாகை முறுக்கு, மீதிப் பகுதி படுத்திருக்கும். நிற்கும் பகுதியால் கீழே அறுத்து, பல்லின் அடிக்குக் கீறி வைத்த அடிக்கோட்டைத் தொட்டதும் ரம்பத்தை நீளமாகத் தள்ள வேண்டும். முறுக்கு வெட்டுக்குள் நுழைந்து தானே திரும்பும். படுத்த பகுதி அடிக்கோட்டோடு ஓடிக் கழிவைத் துண்டாக விழ வைக்கும். அப்புறம் உளியால் லேசாகச் சீவினால் போதும். ஒழுங்காகச் செய்த பிளேடாக இருந்தால் அருமையான சாமான், அதில் சந்தேகமே இல்லை.

விளம்பரத்தில் ஜெர்மன் எஃகு, சரியான 90 பாகை, கூடவே ஒரு உபரி பிளேடு என்று போட்டிருந்தான். போன் பண்ணிக் கேட்டேன். “அண்ணே, நானும் ஆசாரி வீட்டுப் பிள்ளைதான். பிடிக்கலன்னா காசு திரும்பக் கொடுத்துடுறேன்” என்றான். அந்தக் குரலில் ஒரு சொந்தம் தெரிந்தது. 386 வெள்ளி கட்டினேன்.

வந்ததைப் பாருங்கள். முறுக்கு இருந்த இடம் நீலம் பாய்ந்திருந்தது. நெருப்பில் காட்டி வளைத்திருக்கிறார்கள். எஃகை அளவுக்கு மீறிச் சுட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும், எந்த ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கும் இது தெரியும். சட்டத்தில் கயிறை முறுக்கி இறுக்கியதும் முறுக்கு மெல்லப் பிரிய ஆரம்பித்தது. 90 பாகை இல்லாததால் படுத்த பகுதி சாய்ந்து, அடிக்கோட்டைத் தாண்டி நியாத்தோ மரப் பலகையைக் கடித்துவிட்டது. பலகையும் போச்சு. உபரி பிளேடைச் சுடாமல் குறட்டால் பிடித்துத் திருகியிருந்தார்கள். அதில் பற்கள் நசுங்கி, திருகிய இடத்தில் மயிரிழை விரிசல். இழுத்ததும் முறிந்தது.

போன் பண்ணினால், “புதுசுல அப்படித்தான் இருக்கும் அண்ணே, போகப் போக செட்டாயிடும்.” பிளேடு என்ன செருப்பா, போகப் போக செட்டாக? அப்புறம், நான் மென்மையான மரத்தில் வெட்டிப் பார்க்க வேண்டுமாம். வீடியோ கேட்டான், அனுப்பினேன். அடுத்து வந்ததுதான் உண்மையான வேலை: “வேற பிளேடு ரெடியா இருக்கு. ‘பொருள் கிடைத்தது’ன்னு செயலியில அமுக்குங்க, அப்பதான் என் சிஸ்டத்துல புதுசு அனுப்ப முடியும்.” அமுக்கினேன். அதை அமுக்கும் வரை பணம் செயலிக்காரனிடம் நிற்கும், அமுக்கியதும் விற்றவன் கைக்குப் போய்விடும். 386 வெள்ளி அப்படித்தான் போனது. புதுப் பிளேடு வரவே இல்லை.

அதற்குப் பிறகு போனை ஒரு பெண் பிள்ளை எடுத்தது. “போஸ் அவுட்ஸ்டேஷன்.” எப்போது கேட்டாலும் அவுட்ஸ்டேஷன். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் மச்சான் கடைக்கே போய்க் கேட்டதற்கு, “ஆன்லைன் வேற கம்பெனி, இங்க பேச முடியாது” என்று அனுப்பிவிட்டார்கள். அதே பெயர்ப் பலகை, அதே லோகோ! செயலியில் புகார் செய்தால் ரோபோ ஒன்று என் பொறுமைக்கு நன்றி சொல்கிறது. கடைசியில் மனுஷனே பேசினான்: நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள், கேஸ் முடிந்தது. 386 வெள்ளி அவர்களுக்குச் சில்லறை. எனக்கு ஒரு மேடைக்கான மரக்காசு.

வாங்க நினைப்பவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தை. முறுக்குப் பகுதியைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், நீலமோ விரிசலோ தெரிந்தால் விடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். யார் என்ன சொன்னாலும் மாற்றுச் சாமான் கைக்கு வரும் முன் அந்தப் பொத்தானை அமுக்காதீர்கள். பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை டிரிபியூனலுக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். நானும் அங்கேதான் போயிருக்கிறேன். அதே கடையில் இதே ரம்பம் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் படங்களோடு எனக்கு எழுதுங்கள், விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டும்.