வெளிநாட்டுத் தத்தெடுப்பு: ‘பிள்ளை தயாராக இருக்கிறது’ என்று படம் காட்டுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

சுவிற்சர்லாந்தில் வாழும் என் அக்காவும் அத்தானும் இலங்கையிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கக் காத்திருந்த காலத்தில், மட்டக்களப்பு நகரில் தரகர் ஒருவர் எங்கள் குடும்பத்திடமிருந்து 11 இலட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கி ஏமாற்றிய விபரத்தை இங்கே எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையும் அலுவலகம் இருந்த வீதியையும் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் பேசிய விதத்தையும் பணம் கேட்ட ஒழுங்கையும் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சு இப்போது கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் கேட்கத் தொடங்கியிருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

அக்காவுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. தத்தெடுப்பவருக்கும் பிள்ளைக்கும் இடையில் 45 வயதுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கக் கூடாது என்பது சுவிஸ் சட்டத்தின் பொது விதி. ஆகவே காத்திருப்பு நீள நீள, கைக்குழந்தை ஒன்று கிடைக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்துகொண்டே போனது. அவர்கள் வாழும் கன்டோனின் (சுவிஸ் மாநிலத்தின்) அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்து, வருமானம், உடல்நலம், தம்பதியரின் உறவு, பிள்ளை வளர்ப்பதற்கான ஆயத்தம் என்று ஒவ்வொன்றையும் விசாரித்து, தகுதி உண்டென்று அனுமதி கொடுத்த பின்னரே கோப்பு நாட்டை விட்டு வெளியேறும். அந்த விசாரணை பாதி வழியில் இருந்த வேளையில், 2025 ஜனவரியில், வெளிநாட்டுத் தத்தெடுப்பை முற்றாக நிறுத்த எண்ணியிருப்பதாகச் சுவிஸ் அரசாங்கம் அறிவித்தது. அக்கா தொலைபேசியில் அழுததைக் கேட்ட பிறகு, இங்கே ஏதாவது வழி இருக்கிறதா என்று விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அந்தத் தரகரின் அலுவலகப் பலகையில் தத்தெடுப்பு பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, விசாப் படிவம் நிரப்புதல் என்றே எழுதியிருந்தது. உள்ளே போனால் மேசை நிறையக் கோப்புகள், சுவரில் வெளிநாட்டுத் தம்பதியர் பிள்ளைகளுடன் நிற்கும் படங்கள். “ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மகள், நம்மட ஊருப் புள்ளய நம்மட ஊரிலயே எடுத்துக் குடுத்திருவன். கொழும்புக்குப் போனா இழுத்தடிப்பானுகள்” என்று ஒரு தகப்பனைப் போலப் பேசினார். சுவிஸ் அறிவித்தலை அவரும் அறிந்திருந்தார். கதவு மூடப்படுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவதற்கு அந்தச் செய்தியையே பயன்படுத்தினார்.

முதலில் கோப்புத் திறப்பதற்கென்று 75,000 ரூபாய் கேட்டார். அது கொடுத்துச் சில நாட்களுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பெண்குழந்தையின் படம் வந்தது. கண்ணில் மையிட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, யாரோ ஒருவரின் மடியில் அந்தக் குழந்தை இருந்தது. அந்தப் படம் வந்ததற்குப் பிறகு பணம் கேட்பது அவருக்கு மிக இலகுவாகிவிட்டது, ஏனெனில் அக்கா அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்து, அறை ஒழுங்கு செய்யத் தொடங்கிவிட்டாள். சிறுவர் இல்லத்துக்கு நன்கொடை, குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனை, கொழும்பிலுள்ள உத்தியோகத்தர்களைக் ‘கவனிப்பது’, சட்டத்தரணியின் கட்டணம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒரு பகுதியை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் இடச் சொன்னார், மீதியை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம், அனுப்பச் சொன்னார். பற்றுச்சீட்டுக் கேட்டபோதெல்லாம், நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பற்றுச்சீட்டாகத் தருவதாகச் சொன்னார்.

இலங்கைச் சட்டத்தில் இந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்பதைப் பின்னர் நன்னடத்தைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா எனக்கு விளக்கினார். அவர் சொன்னதை அந்த மனிதர் சொன்னதற்கு அருகில் வைத்துப் பார்த்தால் முழு மோசடியும் தெரியும். உள்நாட்டில் வாழும் தம்பதியர் தத்தெடுப்பதென்றால் மாகாண நன்னடத்தைத் திணைக்களமும் நமது மாவட்ட நீதிமன்றமும் சம்பந்தப்படும். வெளிநாட்டில் வாழ்பவர்களின் விண்ணப்பத்தைப் பத்தரமுல்லை செத்சிரிபாயவில் இயங்கும் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் ஆணையாளரே கையாள வேண்டும். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 1995இல் இணைந்தது, சுவிற்சர்லாந்து 2003 முதல் அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது. அந்த உடன்படிக்கையின்படி கோப்பு ஒரு நாட்டில் தத்தெடுப்புக்குப் பொறுப்பான அரச அமைப்பான மத்திய அதிகாரசபையிலிருந்து மற்ற நாட்டின் மத்திய அதிகாரசபைக்குப் போகும். எந்தப் பிள்ளை என்ற முன்மொழிவும் அதே வழியால்தான் திரும்பி வரும். பிள்ளைக்கு உள்நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெற்ற தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே, பணம் எதுவும் கைமாறாமல் பெறப்பட வேண்டும். இந்த ஒழுங்குகள் முடியும் வரை, உறவுக்குள் நடக்கும் தத்தெடுப்பைத் தவிர, தத்தெடுக்க விரும்புபவர்களும் பிள்ளையின் பெற்றோரும் தொடர்புகொள்ளவே கூடாது. நமது தத்தெடுத்தல் கட்டளைச் சட்டமோ 1941ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நீதிமன்றம் அனுமதித்ததைத் தவிர வேறெந்தக் கொடுப்பனவும் தத்தெடுப்புக்காக நடந்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அப்படியானால் அக்காவின் கோப்பு சுவிஸை விட்டு வெளிவருவதற்கு முன்பே அவளுக்கென்று ஒரு பிள்ளை எப்படித் தெரிவாகியிருக்க முடியும்? எங்களுக்கு வந்த அந்தப் படமே சட்டத்துக்குப் புறம்பானது.

இந்தக் கேள்வியை உண்மையில் முதலில் எழுப்பியவர் கன்டோன் அதிகாரி. அக்கா மகிழ்ச்சி தாங்காமல் அவருக்குப் படத்தைக் காட்டியபோது, கோப்பு இன்னமும் தன் மேசையில் இருக்கிறதே, இந்தப் பிள்ளையை உங்களுக்கு ஒதுக்கியது யார் என்று கேட்டிருக்கிறார். நான் அதே கேள்வியை இங்கே அந்த மனிதரிடம் கேட்டேன். அவர் சற்றும் தடுமாறவில்லை. வேறொரு வழி இருப்பதாகச் சொல்லி, அம்பாறை மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு பெண் இருப்பதாகவும், அவளுடைய கணவன் விட்டுப் போய்விட்டதாகவும், அக்கா விடுமுறையில் வந்து நின்றால் அந்தக் குழந்தையை அக்காவே பெற்றதாகப் பிறப்புப் பதிவு செய்துவிடலாம் என்றும், அதற்கு இன்னும் 15 இலட்சம் ஆகும் என்றும் சொன்னார். அந்தத் தாயிடம் இப்போதே ஒரு சத்தியக் கடதாசி எழுதி வாங்கிவிடலாமாம். அதற்கு மேல் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம்.

அந்த யோசனை எவ்வளவு பாரதூரமானது என்பதை வாசிப்பவர்கள் உணர வேண்டும். பிறக்காத பிள்ளைக்காகக் கர்ப்பிணியிடம் பணம் கொடுத்துச் சம்மதப் பத்திரம் வாங்குவதும், பொய்யான பிறப்புப் பதிவு செய்விப்பதும் 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட ஆட்கடத்தல் பிரிவின் கீழ்க் குற்றங்கள். தரகர் காசோடு மறைந்துவிடுவார், பத்திரத்தில் இருப்பது அக்காவின் பெயர். இந்த நாட்டுக்கு இதில் ஒரு நீண்ட, வெட்கப்பட வேண்டிய வரலாறும் உண்டு. 1970களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, நீதிமன்றத்தில் தாயாக நடிப்பதற்கென்றே பெண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். 1973க்கும் 1997க்கும் இடையில் சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 881 குழந்தைகள் போயிருக்கிறார்கள். அந்தத் தத்தெடுப்புகளில் நடந்த முறைகேடுகளுக்காகச் சுவிஸ் அரசாங்கம் 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. பெற்ற தாயைத் தேடி இன்று இலங்கைக்கு வரும் அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கையிலுள்ள பத்திரத்தில் இருக்கும் தாயின் பெயர்கூடப் பொய்யாக இருக்கிறது. அக்கா அன்போடு வளர்க்க நினைத்த ஒரு பிள்ளைக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

சுனாமிக்குப் பிறகு பெற்றோர் யாரென்று உறுதியாகாமல் கல்முனை வைத்தியசாலையில் 81 என்ற இலக்கத்தோடு இருந்த கைக்குழந்தையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாப் பத்திரங்களையும் கடல் கொண்டுபோன அந்த நேரத்தில்கூட, மரபணுப் பரிசோதனை முடிவு வந்த பின்னரே 2005 பெப்ரவரியில் அந்தக் குழந்தை பெற்றோரிடம் கொடுக்கப்பட்டது. ஒரு பிள்ளை யாருடையது என்பதை அவ்வளவு உறுதியாகக் கேட்கும் நீதிமன்றங்கள் உள்ள இடத்தில், தன் மேசையிலிருந்தே எல்லாம் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்வது என்ன துணிச்சல்!

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் சிரித்தார். பிறகு, லஞ்சம் கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள் என்று மிரட்டினார். அடுத்த வாரம் அலுவலகம் பூட்டியிருந்தது, பலகையையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். படத்தில் இருந்த குழந்தை இருப்பதாக அவர் சொன்ன சிறுவர் இல்லத்துக்கு நேரில் போய் விசாரித்தேன். அப்படியொரு பிள்ளை அங்கே இருந்ததே இல்லை என்று பொறுப்பாளர் சொன்னார். அது யாருடைய பிள்ளை, எங்கிருந்து எடுத்த படம் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பணத்தை விட அக்காவை அதிகம் வருத்துவது அதுதான்.

மிரட்டலுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிட வேண்டாம் என்பதே சட்டத்தரணி எங்களுக்குச் சொன்ன அறிவுரை. வங்கியில் பணமிட்ட சீட்டுகள், குரல் பதிவுகள், அவர் அனுப்பிய படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் முறைப்பாடு எடுபட்டது. உண்டியலில் போன பணத்துக்கு மட்டும் எந்தத் தடயமும் இல்லை. இதே போன்ற ஒருவரிடம் பணம் கொடுத்தவர்கள் தங்கள் பகுதிப் பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவில் வாக்குமூலம் கொடுங்கள். கர்ப்பிணிப் பெண்ணிடமோ கைக்குழந்தை உள்ள தாயிடமோ யாராவது பேரம் பேசுவது தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள். வெளிநாட்டில் உள்ள உங்கள் உறவினர் உண்மையாகவே விண்ணப்பித்திருந்தால், கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று அந்த நாட்டு அதிகாரசபையிடமே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் மெதுவாகத்தான் வரும். அக்கா இப்போது அந்த வழியில்தான் காத்திருக்கிறாள், கோப்பு இன்னும் சுவிஸ் மத்திய அதிகாரசபை உள்ள பேர்ண் நகரைத் தாண்டவில்லை.