கண்டதைச் சொல்பவன் கேண்டிட்: ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்க் கொக்கிகள்

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாரான காலத்தில் பிடித்த பழக்கம் இது. ஆங்கிலச் சொல்லை உருப்போடாமல், அதன் ஒலியில் ஒரு தமிழ்க் கொக்கி மாட்டி வைப்பது. முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். ஒத்த சொல், எதிர்ச்சொல், பல சொற்களுக்கு ஒரு சொல் என்று சொல்வளத்துக்கு அதில் நல்ல பங்கு உண்டு. வேலைக்கு வந்த பிறகும் ஆங்கிலத் தலையங்கம் படிக்கும்போது இதை விடவில்லை.

மெண்டேஷியஸ் என்றால் பொய் பேசுகிற. தொடக்கம் காதில் ‘மென்’ என்று விழுகிறது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மென்று விழுங்குகிறவனின் முகத்தை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்தேன், சொல் ஒட்டிக்கொண்டது. கேண்டிட் என்பதை எழுத்துக்கூட்டினால் ‘கண்டி’ வரும்: கண்டதைக் கண்டபடி சொல்கிறவன். யூடியூபில் கிடைக்கும் இந்திக் கொக்கிகள் எனக்கு உதவவே இல்லை. இந்தி தெரியாதவருக்கு அந்த ஒலி எந்தப் படத்தையும் எழுப்பாது. நாமே கட்டியதுதான் நிற்கிறது.

நிற்கிறது என்றாலும் தானாக நிற்காது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அட்கின்சன், ரா என்ற இரு ஆய்வாளர்கள் 120 ரஷ்யச் சொற்களை வைத்துச் செய்த ஆய்வு 1975இல் வெளியானது. ஒலிக்கொக்கி போட்டவர்கள் 72 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் 46. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 43, 28. கொக்கி போட்டவர்களே முந்துகிறார்கள், ஆனால் அவர்களுக்கும் நிறையவே நழுவியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலியில் போட்டுவிடுகிறேன். நினைவிருக்கும் சொல்லைத் தள்ளித் தள்ளியும், மறந்ததை உடனேயும் கேட்கும். அட்டையின் முன்பக்கம் நாளிதழில் பார்த்த வாக்கியம், சொல் இருந்த இடம் காலி. பின்பக்கம் சொல்லும் கொக்கியும். வெறும் சொல்லும் பொருளும் போட்ட அட்டைகள் தேர்வுக்கு உதவின, எழுதும்போது கைக்கு வரவில்லை.

குறைகளும் உண்டு. பார்சிமோனியஸ் என்றால் கஞ்சத்தனமான. ‘பர்ஸில் மணி இருந்தும் எடுக்காதவன்’ என்பது அருமையான கொக்கிதான். ஆனால் உச்சரிப்பு ‘பர்ஸி’ என்று திரிந்துவிடும். அட்டையில் ஒலிப்பதிவும் சேர்ப்பது அவசியம்.

லத்தீன் வேர் தெரிந்தால் ஒலிக்கொக்கியே வேண்டாம். கிரெக்ஸ் என்றால் மந்தை. கூட்டத்தோடு பழகுவது கிரிகேரியஸ், கூடுவது காங்கிரிகேட், பிரித்து வைப்பது செக்ரிகேட், மந்தையிலிருந்து துருத்தி நிற்பது இக்ரீஜியஸ். கடைசிச் சொல் இன்று பெரும்பாலும் படுமோசமான பிழைக்கும் அத்துமீறலுக்கும்தான் வரும். அதை வேர் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும்.

மிட்டிகேட், அமீலியரேட் போன்ற ஜோடிகளுக்கு நான் கொக்கி தேடுவதில்லை. தீமையின் கடுமையைக் குறைப்பது முதலாவது, நிலைமையையே மேம்படுத்துவது இரண்டாவது. இரண்டுக்கும் மும்மூன்று வாக்கியங்களை அட்டையில் அடுத்தடுத்து வைத்தால் போதும்.