கிரையம் வரை நிற்பதா, பாதியில் விலகுவதா: ஒரு நிலத் தரகரின் கணக்கு

அன்னூர், சூலூர், கிணத்துக்கடவுப் பக்கங்களில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோட்டமும் மனையும் பேசி முடித்துவிடும் தொழிலில் இருக்கிறேன். நிலம் வாங்க வந்து, முடிவுக்கு வராமல் இழுத்தடிக்கும் பார்ட்டியிடம் ஒரு தரகர் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்: கிரையம், அதாவது விற்பனைப் பத்திரப் பதிவு, முடியும் வரை விடாமல் கூடவே நிற்கலாம், வேறொரு தரகரிடம் ஒப்படைக்கலாம், அல்லது நேரில் சொல்லி விலகிக்கொள்ளலாம். மூன்றையும் செய்து பார்த்த பிறகு, நான் இப்போது கடைப்பிடிப்பது மூன்றாவது வழியை.

கூடவே நிற்பதன் ஆதாயம் எல்லோருக்கும் தெரிந்ததே: அதுவரை அலைந்த அலைச்சல் வீண்போகாது, கமிஷன் கைக்கு வரும். அதற்காகும் பெட்ரோலையும் நேரத்தையும்கூட நாம் கணக்குப் பார்த்துவிடுகிறோம். பெரும்பாலான தரகர்கள் கணக்கில் சேர்க்காதது விற்பவர் வீட்டுச் செலவைத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால், அதன் பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்திருப்பதால், காங்கேயத்திலும் தாராபுரத்திலும் வாழ்க்கைப்பட்ட பெண்களின் கையெழுத்தும் வேண்டும். சொத்து முன்பு யார் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரம் தேடி எடுக்க வேண்டும், வில்லங்கச் சான்று போட வேண்டும், சர்வேயரை அழைத்து அளக்க வேண்டும், பேசாமல் இருக்கும் பங்காளியிடம் தடப் பாத்தியத்துக்காக, அதாவது அவர் நிலம் வழியே போய்வரும் உரிமைக்காக, போய் நிற்க வேண்டும். வாங்குபவர் ஒருமுறை பின்வாங்கினால், இத்தனை பேரும் ஒருமுறை ஏமாந்து திரும்புகிறார்கள்.

அன்னூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம் ஒன்றில் இதை நான் பட்டு உணர்ந்தேன். வாங்க வந்தவர் ஏழு முறை பார்வையிட்டார்; ஒவ்வொரு முறையும் வாஸ்து பார்ப்பவர், மைத்துனர், போர்வெல் தண்ணீரைச் சோதிப்பவர் எனப் புதிதாக ஒருவர் உடன் வந்தார். விலை முடிவாகி, அக்ரிமெண்ட் எழுதக் குறித்த நாளில், ஏக்கருக்கு இரண்டு லட்சம் குறைக்கச் சொன்னார். பத்து நாள் கழித்துப் பழைய விலைக்கே சம்மதித்தவர், இரண்டாம் முறையும் அதையே செய்தார். விற்பவரின் மகள் இரண்டு தடவையும் வேலைக்கு விடுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தார். அன்று அந்தப் பெரியவர் என்னிடம், “காசு போனாப் போகுதுங்க தம்பி, எம்பட புள்ளைய ரண்டு வாட்டி வரச் சொல்லிப்போட்டு, மறுக்கா என்ன மொகத்தோட கூப்புடறதுங்க?” என்று கேட்டார். ஆனாலும் நான் அந்தப் பார்ட்டியை விடாமல் ஐந்து மாதம் பிடித்திருந்தேன். கடைசியில் தோட்டம் வேறொரு தரகர் மூலம் கைமாறியது. அதை ஒட்டி நிலம் வைத்திருந்த பங்காளிகளும் அதன் பின் என்னை அழைக்கவில்லை. வாங்குபவர் பெரும்பாலும் ஒருமுறை வருகிறவர், அடுத்த நிலம் எப்போதும் விற்பவரின் உறவில் இருந்துதான் வருகிறது என்பதால், விலகும் நேரத்தை நான் விற்பவரின் பக்கம் நின்றே முடிவு செய்கிறேன்.

ஆனால் கேள்வி கேட்பவர் எல்லாம் தொல்லை தருபவர் அல்லர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் முதன்முதலாக ஐந்து சென்ட் வாங்க வருகிறவர், இரண்டு வக்கீல்களிடம் பத்திரத்தைக் காட்டுவது அவருடைய உரிமை. பதிவு பெற்ற மனைப்பிரிவில் வாங்குபவருக்கு உரிய தகவலும் ஆவணமும் கிடைக்கச் செய்வதை 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமே முகவரின் கடமையாக்கியிருக்கிறது. பயத்தால் தாமதிப்பவரோடு எத்தனை மாதமானாலும் நிற்கலாம். நான் விலகுவது, பேசி முடித்த விலையை இரண்டாம் முறை மாற்றுபவரிடம்.

ரொக்கம் கேட்டு நெருக்குபவரிடம் இரண்டாம் முறை வரை காத்திருக்கவும் தேவையில்லை. நில விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்கு இணையான அபராதத்தை வருமான வரிச் சட்டம் வாங்கியவர் மீதே சுமத்துகிறது. அதாவது, அந்தச் சுமையும் விற்பவர் தலையில்தான் விழுகிறது.

வேறொரு தரகரிடம் ஒப்படைத்துக் கமிஷனில் பாதி பெறும் வழியை நான் இரண்டு முறைதான் முயன்றிருக்கிறேன், ஒன்று முடிந்தது, ஒன்று முடியவில்லை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. குணம் ஒத்துவராததுதான் சிக்கல் என்றால் ஆள் மாறுவது உதவக்கூடும். பார்ட்டியின் சொல்லே நிலையில்லை என்றால், நம் தொல்லையை இன்னொருவர் தோளுக்கு மாற்றுவதாகவே எனக்குப் படுகிறது. வாடகை வீடுகளில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், இந்த அளவுகோல் அங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

விலகுவதென்று முடிவானால் போனில் சொல்வதில்லை. முதலில் விற்பவர் வீட்டுக்கும், அன்றே வாங்குபவர் வீட்டுக்கும் போய்க் காரணத்தைச் சொல்லி, டோக்கன் தொகை என்னிடம் இருந்தால் இரு தரப்பும் அறியத் திருப்பிக் கொடுத்து, ஆவண நகல்களை உரியவரிடம் சேர்த்துவிடுகிறேன். அதன் பின் அவர்களே நேராகப் பேசி முடித்தால் கமிஷன் கேட்பதில்லை. கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பு விஷயத்தில் ஆறாவது வாரத்தில் இப்படி விலகினேன். இரண்டு மாதம் கழித்து அவர்களே கிரையம் முடித்துக்கொண்டார்கள், எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. விற்றவரின் தம்பி தன் பங்குத் தோப்பை விற்க நினைக்கிறார். அதற்கு உட்பிரிவுப் பட்டா வாங்கும் வேலையை இப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.